இஸ்தோப்பு இல்லாத வீடு

தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், குடிவந்து சில வருடங்களே ஆன தனி வீடொன்றின் பின்புறத்தை அளந்து பார்த்தேன். அளவுநாடாவின் மறுமுனையை வீட்டுக்கார அக்கா பிடித்துக்கொண்டார். நீலத் தறப்பாள், பழைய தகரம், நான்கு கம்பு. வீட்டார் தாங்களாகவே இறக்கிக்கொண்ட சாய்ப்பு அது. பத்தடி நீளம், ஆறடி அகலம். உள்ளே மண் அடுப்பு. அடுப்புக்கு மேலே விறகு காயும் பரண். மூலையில் கவிழ்த்து வைத்த இறப்பர்ப் பால் வாளி. கம்பில் செருகிய பால்வெட்டுக் கத்தி. வரைபடத்தில் குசினி என்று குறித்த அறைக்குள் அரிசிப் பையும் பிள்ளையின் சைக்கிளும் இருந்தன. "உள்ள அடுப்பு மூட்டினா புது செவரெல்லாம் கரியாயிரும் தம்பி" என்றார் அக்கா. அவர் பிறந்து வளர்ந்த லயத்தில், அந்தப் பழைய தோட்டத்து வரிசை வீட்டில், இஸ்தோப்பு எனும் முன்தாழ்வாரத்தின் அளவும் ஏறக்குறைய இதே பத்துக்கு ஆறுதான்.

அந்தச் சாய்ப்பை அவசியமாக்கிய வரைபடத்தை எடைபோடவே இதை எழுதுகிறேன். மலையகத்தில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கலை, வடிவமைப்பு, அறிவியல் மூன்றும் தொழிலாளியின் குடியிருப்பைத் தொட்டிருக்கின்றன. கலை முதிர்ந்திருக்கிறது, மண்சரிவு அறிவியல் கறாராகியிருக்கிறது. பணமும் அதிகாரமும் அதிகம் சேர்ந்தது வீட்டு வடிவமைப்பிடம்; மற்ற இரண்டிடமிருந்தும் மிகக் குறைவாகக் கற்றுக்கொண்டதும் அதுவே.

லயத்தைப் பற்றி ஏக்கம் கலக்காமல் பேசுவோம். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, ஒரு கதவு, பல இடங்களில் சன்னலே கிடையாது. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் காற்று குறுக்கே ஓட வழியில்லை. ஒரே கூரை எல்லாக் காம்பராவுக்கும் நீண்டு போவதால், ஒரு வீட்டில் பற்றிய தீ வரிசை முழுவதையும் தின்றுவிட்டுத்தான் ஓய்கிறது. புதுமணத் தம்பதிக்கும் கிழவிக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு சேலைத் திரை. ஆட்களை எண்ணவும் காலை ஆளெடுப்பான பெரட்டுக்கு எழுப்பவும் வசதியாகக் கட்டிய கட்டடம் அது. அதை இடிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனாலும் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் திருத்தித் திருத்தி வாழ்ந்ததால் அந்தக் குறையுள்ள கட்டடத்துக்குள் ஓர் அறிவு படிந்திருந்தது. அதன் முழு உருவம் இஸ்தோப்பு. கட்டியவர்கள் காம்பராவுக்கு முன்னால் விட்ட ஒடுங்கிய தாழ்வாரத்தில் பாதியைச் சனங்கள் அரைச்சுவர் வைத்து அடைத்து அடுப்புப் போட்டார்கள். மீதிப் பாதி வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவிலான இடமாயிற்று. பால் வெட்டிவிட்டு வருகிறவரின் சட்டையில் இறப்பர்ப் பால் உறைந்து கறுத்திருக்கும். ஒட்டுப்பாலின் நாற்றம் துணியை விட்டு இலேசில் போகாது. அந்த உடுப்பு காம்பராவுக்குள் வராது, இஸ்தோப்பிலேயே கழன்றுவிடும். மலையிலிருந்து வருகிறவள் கால் விரலிடுக்கில் ஒட்டிய அட்டையை அங்கேதான் உட்கார்ந்து உப்புத் தடவி எடுப்பாள். நனைந்த படங்கு அங்கேதான் சொட்டும். பக்கத்துக் காம்பராக்காரி அங்கேதான் வந்து உட்காருவாள். உள்ளே கூப்பிட்டுத்தான் உபசரிக்க வேண்டும் என்பதில்லை. ஈரமும் அழுக்கும் புகையும் ஊர்க்கதையும் ஆறடி அகலத்தில் தங்கிவிடும். காம்பரா காய்ந்து கிடக்கும்.

இந்த அறிவு எழுத்தில் இல்லாததல்ல. தெளிவத்தை ஜோசப்பின் கதைகளில் லயத்தின் உட்புறம் நுணுக்கமாகப் பதிவாகியிருக்கிறது. வரைபடம் போடுகிறவர் அவற்றைக் கள ஆய்வுக் குறிப்பாகவே படித்திருக்கலாம்.

இனி, லயத்தின் இடத்துக்கு வந்த தனி வீடு. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் மலையகக் கட்டத்தில் 4,000 வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். நம் சப்ரகமுவ மாகாணத்துக்கு இடம் கிடைத்தது இந்தப் பத்தாயிரத்தில்தான். ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு, இரண்டு படுக்கையறை, ஒரு வரவேற்பறை, குசினி, கழிப்பறை. வீடொன்றுக்கான தொகை பின்னர் 28 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையைச் சட்டம் உருவாக்கியது.

இந்த வீட்டின் நிறைகளைச் சிறியனவாகக் காட்டுவது நேர்மையாகாது. நான்கு சுவரும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம் என்பது, ஒன்றரை நூற்றாண்டாகப் பக்கத்துக் காம்பராவின் இருமலைக் கேட்டே தூங்கிய சனத்துக்குப் பெரிய மாற்றம். கழிப்பறை வீட்டோடு சேர்ந்திருப்பதால், இருட்டில் மழையில் கான் ஓரமாக நடந்து போகும் பயத்திலிருந்து பெண்பிள்ளைகள் விடுபட்டார்கள். அறைக்குக் கதவு வந்தது. படிக்கிற பிள்ளைக்கு மேசை போட ஒரு மூலை வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகக் காணி. வேலை போனால் காம்பராவும் போகும் என்ற பழைய கட்டைத் தறிக்கும் கருவி உறுதிப்பத்திரம்தான். அது கைக்கு வர ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் இன்னும் உண்டு. ஆயினும் கொள்கை அளவில் வாசல் திறந்துவிட்டது. குடியுரிமையாகவும் அரணாகவும் பார்த்தால் இந்த வீட்டுக்கு நான் தயங்காமல் நல்ல மதிப்பெண் தருவேன்.

வடிவமைப்பாகப் பார்க்கும்போதுதான் சிக்கல். போருக்குப் பிறகு வடக்கு கிழக்கில் இதே உதவியால் 46,000 வீடுகள் எழுந்தன. அங்கும் அளவு 550 சதுர அடி. வன்னியின் சமதரைக்கும் மாதக்கணக்கில் மழை பாராத வெயிலுக்கும் பொருந்திய அந்த எண் அப்படியே மலைக்கு ஏறிவந்தது. தெரணியகலைக்கு அருகே மாலிபொடப் பக்கத்தில் ஆண்டு மழை 4,000 மில்லிமீற்றரை எளிதாகத் தாண்டும். விறகு காயாது, உடுப்பு காயாது, வாசல் காயாது. மலையகம் என்றதும் நுவரெலியாவின் பனியையே நினைக்கும் பழக்கம் வேறு. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்கள் தாழ்நாட்டு வெக்கையில் கிடக்கின்றன. பாதி இறப்பர், பாதி தேயிலை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சிதறிய தோட்டங்கள். குளிருக்கு அடைத்துக் கட்டிய வீடு இங்கே பகலில் புழுங்கும். சமதரைக்குக் கட்டிய வீடு இங்கே மலையை அளவுக்கு மீறி வெட்டச் சொல்லும்.

அந்த வெட்டைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். 550 சதுர அடியை 25க்கு 22 அடி என்று ஏறக்குறையச் சதுரமாக வைத்தால், 20 பாகைச் சரிவில் அந்த 22 அடி ஆழத்துக்குத் தரை சமன்படுத்த வீட்டின் பின்னால் சுமார் 8 அடி உயரத்துக்கு மண்ணை வெட்ட வேண்டும். அதே பரப்பை 37 அடி நீளம், 15 அடி அகலம் என்று மலையின் சமவுயரக் கோட்டோடு நீட்டி வைத்தால் வெட்டு ஐந்தரை அடிக்குக் குறைகிறது. ஐந்தரை அடியைக் கருங்கல் அடுக்கித் தாங்கிவிடலாம். எட்டடி வெட்டுக்கு முறையான தாங்கு சுவர் வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் வேண்டும். பாதி வெட்டி அந்த மண்ணை முன்னால் நிரப்புவது இன்னொரு வழி. அப்போது வீட்டின் முன்பாதி இறுகாத மண்மேல் நிற்கும், இரண்டு மாரியில் சுவர் பிளக்கும். பழைய லயங்கள் நீளமாக, ஒடுக்கமாக, மலையை அணைத்தபடி நிற்பதற்கு ஆட்களை எண்ணும் வசதி மட்டும் காரணமில்லை. மலையை எப்படித் தொட வேண்டும் என்று கட்டிய மேசன்மாருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பாடத்தைக் காம்பராவின் கொடுமையோடு சேர்த்து எறிந்துவிட்டோம்.

அறிவியலின் பங்கை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாக வரைந்துவரும் மண்சரிவு அபாய வலய வரைபடங்கள் இந்நாட்டின் பொது அறிவியலில் முதல்தரச் சாதனை. முறை தெளிவு: பாறை, சரிவு, மண்ணின் ஆழம், நீரோட்டம், நிலப்பயன்பாடு போன்றவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டுப் பிறகு ஒன்றாக்குகிறார்கள். எச்சரிக்கை அளவுகளும் யாருக்கும் விளங்குபவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றாலோ ஒரே மணியில் 75 என்றாலோ வெளியேற்றம். தரவை நடவடிக்கையாக மாற்றும் இந்த எளிமை பெரிய அறிவியல் அமைப்புகளுக்கும் எப்போதும் வாய்ப்பதில்லை.

ஆனால் அறிவியல் சொன்னது வீடுவரை போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி. மீரியபெத்தைத் தோட்டத்தில் 2005இலும் 2011இலும் மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. 2014 அக்டோபர் 29 காலையில் மலை லயங்களின் மீது இறங்கியது. 2016 மே 17 அன்று நம் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அதே நாளில் புளத்கொஹுப்பிட்டியப் பக்கத்தில் தோட்டக் குடியிருப்பையும் மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, மிகுதி மலைநாட்டில். ஒவ்வொரு முறையும் வரைபடம் சரியாகவே இருந்தது என்று ஆறுதல் கொள்ள முடியாது.

அபாய வரைபடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1:10,000 அளவிலான தாளில் ஒரு மில்லிமீற்றர் என்பது தரையில் 10 மீற்றர். நம் வீட்டின் 22 அடி அந்தத் தாளில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. வீட்டுக்குப் பின்னால் வெட்டிய எட்டடி மண்சுவர் பேனாக்கோட்டின் தடிப்புக்குள் மறைந்துவிடும். வலயம் பாதுகாப்பானது என்று தாள் சொன்ன பிறகும், வீடு கட்டும் வேலையே ஒரு புதிய சிறு அபாயத்தை உண்டாக்கிவிடலாம். அந்த அளவுக்குக் கீழே பொறுப்பு வடிவமைப்பாளர் கைக்கு மாறுகிறது. இடர்தாங்கு கட்டுமானத்துக்கு அதே நிறுவனம் கையேடுகள் வெளியிட்டிருக்கிறது. மேல்கான், பக்கக்கான், கூரைநீர் விழும் இடம், வெட்டின் சாய்வு எல்லாம் பேசப்பட்டவையே. நான் போய்ப் பார்த்த வீடுகளில், கட்டி முடித்த பிறகு வீட்டார் மண்வெட்டியால் தோண்டிக்கொண்ட கான்தான் இருந்தது. கான் வெட்டுவதில் நம் ஆட்களை மிஞ்ச ஆளில்லை. அதற்காக அதை வீட்டின் உறுப்பு இல்லை என்று விட்டுவிடலாகாது.

அடுத்தது புகை. வரைபடக் குசினி எரிவாயு அடுப்பை எண்ணி வரையப்பட்டது: நடுவீட்டோடு ஒட்டிய சிறிய அறை, ஒரு சன்னல், மேடை. 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றின் விலை இரண்டு மூன்று நாள் கூலியைத் தின்றுவிடும். 2022 நெருக்கடியில் எரிவாயு இல்லாமலே போனபோது கொழும்புக்காரரும் விறகு தேடினார்கள். தோட்டத்தில் விறகை விட்டால்தானே மறுபடி தேட வேண்டும். விறகடுப்பு இங்கே அடுத்த இருபது வருடத்துக்கும் எரியும் என்று ஏற்றுக்கொண்டு, புகைபோக்கியும் விறகு காயும் பரணும் வைத்து வீட்டை விட்டு ஓர் அடி தள்ளிக் குசினி போட்டிருந்தால், அக்காவின் தறப்பாளுக்கு வேலை இருந்திராது. புகையைத் தினமும் சுவாசிக்கும் பெண்ணின் நெஞ்சைப் பற்றி மருத்துவம் சொல்வது உறுதியானது. இத்தனை தெளிவான அறிவு இருந்தும் வடிவமைப்பு அதைக் கேளாதது பெரிய பிழை.

ஒப்பிட அளவுகோல் கண்டியிலேயே இருக்கிறது. 1950களில் கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா வட்டபுலுவவில் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளுக்குத் திட்டம் போட்டபோது, குடிவரப்போகும் அரசாங்க ஊழியரிடம் கேள்விப்பட்டியல் கொடுத்து அவர்களின் பழக்கங்களையும் தேவையையும் வசதியையும் கேட்டார். பதில்களுக்கு ஏற்பப் பலவகை வீடுகள் பிறந்தன. சரிவுக்கு ஏற்ப அவை அமைந்தன. அவர்கள் மாதச் சம்பளக்காரர், எழுதத் தெரிந்தவர், தெரிவு செய்யும் வலு உள்ளவர் என்பதை மறக்கக் கூடாது. முறையை அப்படியே பெயர்த்துவிட முடியாது. இந்தூரில் பாலகிருஷ்ண தோஷி அமைத்த அரண்யா குடியிருப்பு வேறொரு வழி: காணியும் தண்ணீரும் கழிப்பறையும் ஓர் அடிப்படை அறையும் மட்டும் கொடுத்து மீதியைக் குடும்பத்தின் கைக்கு விட்டது. சிலியில் அலெஹாந்திரோ அரவேனா பாதி வீடு கட்டிக் கொடுத்தார், மறுபாதிக்கு இடம் ஒதுக்கி. அந்த முறையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பாதி கொடுப்பது ஏழைக்குப் போதும் என்ற சாக்காக அது நழுவக்கூடும். நம் ஊரில் நிச்சயமாக நழுவும். எனினும் பின்னிரண்டிலும் ஒரு பொதுக் கொள்கை இருக்கிறது: வீடு வளரும் என்பதை வரைபடமே அறிந்திருக்கிறது. நம் 550 சதுர அடியோ வளர்ச்சியை எதிர்பார்க்கவில்லை. எந்தச் சுவரில் கதவு வெட்டலாம், எந்தப் பக்கம் கூரையை நீட்டலாம் என்று அது எதுவும் சொல்வதில்லை. ஆகவே வீடு தறப்பாளாக வளர்கிறது.

முறையைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்ப் பெயர் நினைவுக்கு வருகிறது. தெரணியகலை என்ற பெயரைக் கொழும்பு ஒரு குடும்பத்தின் பெயராகவே அறியும்: 43 குழுவின் ஓவியர் ஜஸ்டின், தொல்லுயிரியலாளர் பி.ஈ.பி. தெரணியகல, அவர் மகன் தொல்லியலாளர் சிரான். இங்கிருந்து தொலைவில்லாத குருவிட்டைப் பக்கத்தில், பட்டதொம்பலென குகையின் தரையைச் சிரான் தெரணியகல படிந்த மண்ணின் அடுக்கு அடுக்காகப் படித்தார். அடுப்புச் சாம்பல், எரிந்த விதைத்தோல், சிறு கல்லாயுதம், எலும்பு. முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய மனிதர் எங்கே சமைத்தார், எங்கே உண்டார் என்று அந்தத் தரை சொன்னது. இன்றும் ஆள் குடியிருக்கும் லயத்தின் தரைக்கு அந்த மரியாதையில் பத்தில் ஒரு பங்கு கிடைக்கவில்லை. ஒரு லயத்தை இடிக்கும் முன் அதன் அளவுப்படத்தை வரைந்து, அடுப்பு எங்கே, தண்ணீர் எங்கே, ஆட்கள் எந்த மணிக்கு எங்கே உட்காருகிறார்கள் என்று எழுதிவைக்க இரண்டு மாணவர்களும் ஒரு வாரமும் போதும்.

கலை இந்த வேலையை ஓரளவு செய்திருக்கிறது, அதன் வழியில். சுமதி சிவமோகனின் 'இங்கிருந்து' (2013) தோட்டத்தைக் காட்சிப்பொருளாக நிறுத்தாமல் அதற்குள்ளிருந்து பேச முயன்ற படம். ஹட்டன் பக்கத்து ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் தேநீர் வடிகட்டியையும் ஊடகமாக்குகிறார். அங்கே பொருளே பேசுகிறது. கறை தானாகவே உழைப்பின் சாட்சியாக நிற்கிறது. ஒரு தலைமுறை தன்னை அடையாளம் கண்டுகொண்ட உயர்ந்த சாதனை அது. அந்த வழியைப் பின்பற்றுவோரிடம் ஒரு சோர்வையும் காண்கிறேன்: கூடையும் கொழுந்தும் கறையும் கிடைத்துவிட்டால் படைப்பு முடிந்தது என்ற நினைப்பு. மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டு 'மலையகம் 200' என்று நினைவுகூரப்பட்ட 2023இல் கொழுந்துக்கூடை எங்கும் இருந்தது. பால் வாளியை நான் தேடினேன். சப்ரகமுவ இறப்பர்த் தோட்டம் கலையிலும் வீட்டுத் திட்டத்திலும் ஒரே மாதிரி விடுபடுகிறது.

என் முடிவு இது. 550 சதுர அடி வீடு சட்டத்தின் வீடாகத் தேறிவிட்டது. அரணாகப் பெரும்பாலும் தேறிவிட்டது. இந்த மண்ணின், இந்தத் தொழிலின் வீடாக இன்னும் தேறவில்லை. அதன் தோல்வி பணக்குறையால் வந்ததென்று சொல்ல மாட்டேன். பத்துக்கு ஆறடி இஸ்தோப்புக்கு ஆகும் செலவு 28 இலட்சத்தில் ஒரு சிறு பங்கு. கேட்காமல் வரைந்ததால் வந்த தோல்வி இது. திருத்தமும் அதனால் எளிது. டித்வாவுக்குப் பிறகு கட்டப்போகும் வீடுகளுக்கு அதே வரைபடத்தை எடுத்துக் கொடுத்தால், இதுவரை பிழையாக இருந்தது இனிக் குற்றமாகும்.

திருத்திய வரைபடத்தில் நான் பார்க்க விரும்புபவை சில. சரிவில் வீடு 15 அடிக்கு மேல் ஆழமாகக் கூடாது. முன்பக்கம் முழுநீளத்துக்கும் ஆறடிக் கூரை நீள வேண்டும், அதன் ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். விறகுக் குசினி தனிக் கூரையில், புகைபோக்கியோடு. கான்களும் தாங்கு சுவரும் மதிப்பீட்டின் முதல் வரியில், அத்திவாரத்துக்கும் முன்னால். இரண்டு பக்கச் சுவர்களில் ஒன்று மட்டும், பின்னாளில் கதவு வெட்டத் தகுந்தபடி மேல்விட்டம் போட்டு விடப்பட வேண்டும். எந்தச் சுவர் என்பதைக் குடிவரப்போகிறவர் சொல்ல வேண்டும், அத்திவாரத்துக்கு நூல் பிடிக்கும் நாளுக்கு முன்பே.